மாதம் எழுதப்படாத படங்கள்: ரகுபீர் சிங்கின் கல்கத்தாவும் பம்பாயும்

கல்லடிப் பாலத்தை எத்தனை கலண்டர்களில் பார்த்திருப்போம்! நிலவு இருக்கும், வாவி இருக்கும், இரும்புச் சட்டங்களின் நிழல் நீரில் நீண்டு கிடக்கும். மனிதர் ஒருவரும் இருக்கமாட்டார். 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தைக் காத்தான்குடித் துணி வியாபாரியும் ஆரையம்பதி மீன்காரரும் கச்சேரிக்குப் போன விதவையும் ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைத்தாய்ச்சியும் கடந்திருக்கிறார்கள். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு பழையது ஓய்வு பெற்றுவிட்டது. கலண்டர்க்காரர்கள் மட்டும் அதனை விடவில்லை. பாலத்தைப் படம் பிடிக்க வேண்டுமானால் அதில் நடந்தவர்களை முதலில் அப்புறப்படுத்த வேண்டும் என்று நம்முடைய கண் பழகிவிட்டது போலும்.

இந்திய ஒளிப்படக் கலைஞர் ரகுபீர் சிங்கின் ‘ரிவர் ஒஃப் கலர்’ (1998) என்ற பெருந்தொகுப்பு மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் எனக்குக் கிடைத்தது. அதைப் புரட்டும்போது என்னை நிறுத்தியது ஒரு பாலத்தின் படந்தான். கல்கத்தாவின் ஹௌரா பாலம், 1968. மேலே இரும்பு. அதன் அடியில், கங்கைக் கரையில் சடங்கை முடித்துக்கொண்ட மார்வாடி மணமக்கள். ராஜஸ்தானத்திலிருந்து வியாபாரத்துக்காக வந்து கல்கத்தாவில் தலைமுறை தலைமுறையாக வேர்விட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள், 25 வயதேயான ஒரு இரும்புப் பாலத்தின் நிழலில் காலங்காலமான ஒரு சடங்கைச் செய்துவிட்டு நிற்கிறார்கள். நகரம், குடிபெயர்வு, தொழில், சமயம், திருமணம் எல்லாம் அந்த ஒரு சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. பாலமும் இருக்கிறது, மனிதரும் இருக்கிறார்கள்.

படம் எடுத்தவரும் ராஜஸ்தானத்துக்காரர்தான். 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் தேயிலைத் தொழிலில் வேலை தேடிக் கல்கத்தாவுக்குப் போய், அது கிடைக்காமல் கெமராவைக் கையில் எடுத்தவர். பின்னர் பாரிஸ், லண்டன், நியூயோர்க் என்று வாழ்ந்து 1999இல் மறைந்தார். ஆனால் வாழ்நாள் முழுவதும் படம் பிடித்தது பெரும்பாலும் இந்தியாவைத்தான். கல்கத்தாவுக்கு மட்டும் இரண்டு நூல்கள் (1975, 1988) செய்தார். பம்பாய்க்கு ஒன்று, 1994இல். இரு நகரங்களும் பின்னர் பெயர் மாறிவிட்டன. அவர் எழுதிய பெயர்களையே நானும் எழுதுகிறேன்.

இந்த இரண்டு நகரங்களையும் அவர் ஒரே கண்ணால் பார்க்கவில்லை என்பதே என் வாசிப்பு. அதைச் சொல்வதற்கு முன் அவர் எதற்கு எதிராக நின்றார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஹௌரா பாலம் திறக்கப்பட்ட 1943ஆம் ஆண்டுதான் வங்கப் பெரும்பஞ்சத்தின் ஆண்டும். சுனில் ஜானா எடுத்த பஞ்சப் படங்கள் உலகத்தின் மனச்சாட்சியை உலுக்கின. அவை அவசியமான படங்கள். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்து இறங்கிய வெளிநாட்டுக் கெமராக்கள் பலவற்றுக்குக் கல்கத்தா என்றாலே நடைபாதையில் சாகக் கிடக்கும் மனிதன் என்றாகிவிட்டது. கறுப்பு வெள்ளையில், நல்ல நிழல் விழ, ஒரு சாவு. சிங் இதை மறுத்தார். இந்தியக் கண் வண்ணத்தில் பார்க்கும் கண், மேற்கின் கறுப்பு வெள்ளைத் துயரமும் தனிமையுணர்வும் அதற்கு அந்நியம் என்பது அவர் எழுத்தில் வைக்கும் வாதத்தின் சாரம். இந்த வாதத்தை அப்படியே விழுங்க என்னால் முடியாது. மஞ்சளும் சிவப்பும் உடுத்துபவருக்கும் தனிமை உண்டு. ஆனால் அந்த வாதம் பிறந்த இடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஏனென்றால் நான் காத்தான்குடிக்குப் பக்கத்தில் வாழ்கிறேன்.

நாம் எப்போது படம் பிடிக்கப்பட்டோம்? 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்ற பிறகு. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு. முதல் முறை, குண்டு துளைத்த சுவர். இரண்டாம் முறை, கூரையில்லாத வீடு. மூன்றாம் முறை வந்த கெமராக்கள் எல்லாம் பிரதான வீதியின் நடுவே நடப்பட்டிருந்த பேரீச்சை மரங்களையும் அறபுப் பெயர்ப்பலகைகளையும் மட்டுமே கண்டுகொண்டன. அந்த மரத்துக்குக் கீழே பழைய சைக்கிளில் பாண் விற்றுக்கொண்டு போனவர் எந்தப் படத்திலும் இல்லை. நம்மைப் பற்றிய படச்சேகரிப்பு என்று ஒன்றைத் திரட்டினால் அது மரணங்களின் சேகரிப்பாகவும் சந்தேகங்களின் சேகரிப்பாகவுமே இருக்கும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அதில் அகப்படாது.

சிங்கின் கல்கத்தா முழுவதும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான். சிலைக்குக் கீழே சந்தி, சந்தியில் சனம், வீட்டுக்குள் புழங்கும் குடும்பம். 1988ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலேயே வீடும் தெருவும் இருக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில், ஹௌராவில், 1991இல் எடுத்த ஒரு படத்தை மறக்க முடியாது. நடைபாதையில் கண்ணாடி விற்கும் கடை. முகம் பார்க்கும் கண்ணாடிகள் அடுக்கியிருக்க, ஒவ்வொன்றும் தெருவின் ஒரு துண்டைத் தன்னுள் வைத்திருக்கிறது. தெருவை முழுதாகக் காட்டுகிறேன் என்ற பெருமிதத்தைக் கலைஞர் அங்கே விட்டுவிடுகிறார். எனக்குத் தெரிந்தது இந்தத் துண்டுகள்தான் என்கிறார். வறுமை அங்கே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் மனிதருக்கு முன்னால் அது வந்து நிற்பதில்லை.

பம்பாய்க்கு வந்தால் கண்ணாடி வேறாகிவிடுகிறது. 1989இல் எடுத்த சவேரி பஜார்ப் படத்தில் நகைக்கடையின் உட்புறமும் வெளியே சந்தைத் தெருவும் ஒரே படத்தில். நடுவில் கடையின் கண்ணாடி. ஹௌராவின் கண்ணாடி தெருவை வாங்கி வைத்துக்கொள்கிறது. இந்தக் கண்ணாடி தெருவை வெளியே நிறுத்துகிறது. உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரைப் பார்க்கலாம், வெளியே இருப்பவரும் உள்ளே பார்க்கலாம். தொட முடியாது. 1991இல் இந்தியப் பொருளாதாரம் திறந்துவிடப்படுவதற்கு இரண்டு வருடம் முன்னரே, வரப்போகும் நகரத்தை அவர் கண்டுகொண்டார் என்றுதான் சொல்வேன். சமூக மாற்றத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். இதைப் போல ஒன்றைச் சொல்லித் தந்தவை சிலவே.

ஆனால் பம்பாயில் அவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாரோ என்ற ஐயம் பக்கங்களைப் புரட்டப் புரட்ட வளர்கிறது. 1994ஆம் ஆண்டு பம்பாய் நூலில் வி.எஸ். நைபாலுடனான உரையாடல் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரைக் கண்டதும் நம் வாசகர்கள் சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்கும் சுளித்தது. அது என் பக்கச்சார்பு என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். ஒதுக்கி வைக்க முடியாதது வேறொன்று.

‘குரோபோர்ட் மார்க்கெட், பம்பாய், 1993’ என்று ஒரு படம். அந்தச் சந்தையிலிருந்துதான் முஹம்மதலி வீதி தொடங்குகிறது. 1992 டிசெம்பர் 6இல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டதும் பம்பாயில் கலவரம் வெடித்தது. 1993 ஜனவரியில் மறுபடியும் வெடித்தது. சுமார் 900 பேர் மாண்டார்கள், அவர்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். ஜனவரி 9இல் முஹம்மதலி வீதியின் சுலைமான் பேக்கரிக்குள் பொலிஸ் புகுந்து சுட்டதில் எட்டுப் பேர் இறந்தனர். மார்ச் 12இல் தொடர் குண்டுவெடிப்பு, 257 உயிர்கள். இத்தனையும் நடந்த வருடத்தின் எண்ணைத் தாங்கி நிற்கிறது அந்தச் சந்தைப் படம். அதில் இருப்பது ஜனவரிக்கு முந்திய நாளா, பிந்திய நாளா? சந்தைக்கு வந்திருப்பவர்கள் பயந்து வீட்டுக்குள் இருந்து மீண்டவர்களா? அங்கே வழக்கமாக நிற்கும் ஒருவர் இன்று இல்லையா? ஊர், மாநிலம், ஆண்டு, அவ்வளவுதான் தலைப்பு. மாதம் இல்லை.

கலவரத்தை ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. எரியும் கடையை எடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். பிணத்தைத் தேடி ஓடாத கலைஞர் ஒருவர் நமக்குக் கிடைத்ததே பெரிது என்று மேலே எழுதியதும் நான்தான். என் முறைப்பாடு சிறியது. சாதாரண நாளை எடுப்பவருக்கு, அது எந்தச் சாதாரண நாள் என்று சொல்லும் கடமை இருக்கிறது. பெருநாளுக்கு முதல்நாள் சந்தையும் மையித்துக்கு மறுநாள் சந்தையும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். வண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். மாதத்தை எழுதாமல் விட்டால் அழகு மட்டும் மிஞ்சும், சாட்சி போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இவரைப் புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது. 2017இல் நியூயோர்க்கின் மெட் ப்ரோயர் அரங்கில் இவருடைய பெருங்கண்காட்சி நடந்தபோது, பெண் கலைஞர் ஒருவர் தொண்ணூறுகளில் சிங் தன்மீது பாலியல் வன்முறை புரிந்தார் என்று குற்றஞ்சாட்டி அரங்கின் வாசலில் எதிர்ப்பு நடத்தினார். சிங் அப்போது உயிருடன் இல்லை. படங்கள் வேறு, ஆள் வேறு என்று சொல்லித் தப்புவது நம் விமர்சகர்களுக்குப் பழகிய வழி. எனக்கு அது அவ்வளவு இலகுவாக வரவில்லை. அவருடைய தெருக்களில் நடக்கும் பெண்களை, அந்தச் செய்தியை அறிந்த பின், முன்போல என்னால் பார்க்க முடியவில்லை என்பதை மட்டும் பதிகிறேன்.

மாதம், திகதி என்று நான் வற்புறுத்துவது வாத்தியார் புத்தி என்று நண்பர் ஒருவர் சிரித்தார். வாத்தியார்தானே. ஆனால் இது என் கண்டுபிடிப்பல்ல. பாரிஸின் பழைய தெருக்களையும் கடை வாசல்களையும் யூஜீன் அட்ஜே முப்பது வருடம் அளவில் படம் பிடித்தார். கலை என்று சொல்லிக்கொள்ளாமல், ஆவணம் என்று நூலகங்களுக்கு விற்றார். 1927இல் அவர் இறந்ததும் அந்தச் சேகரிப்பைத் தேடி வாங்கிக் காப்பாற்றிய அமெரிக்கப் பெண் பெரனிஸ் அபொட், ஊர் திரும்பி நியூயோர்க்கை எடுக்கத் தொடங்கினார். 1939இல் வெளிவந்த ‘மாறும் நியூயோர்க்’ அந்த உழைப்பின் பயன். அவர் படங்களில் தெருப்பெயரோடு நாளும் மாதமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. இடிபடப்போகும் கட்டடத்தின் முன் நிற்பவருக்குத் திகதியின் அருமை தெரியும். கலை நயத்தில் சிங் அவருக்குக் குறைந்தவரல்லர், வண்ணத்தில் அவருக்கு நிகர் சொல்லவும் எனக்கு ஆளில்லை. ஆனால் இடிபட்ட பிறகு நாம் தேடிப்போவது அபொட்டைத்தான்.

நம் நாட்டில் கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் சுவரோடு சுவராக வாழ்ந்த இடம். 2010 மே மாதத்தில் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த வருடந்தான் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. பழைய டி சொய்சா கட்டடம் 2021இல் போயிற்று. அந்தக் கட்டடத்தைக் கொழும்பின் கெமராக்காரர்கள் சலிக்கச் சலிக்க எடுத்திருந்தார்கள். அதன் தூண்களையும் உரிந்த சாந்தையும் காணாதவர் இல்லை. கீழ்க்கடையில் தேத்தண்ணி ஊற்றியவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபிரி ரஹ்மானும் அவருடைய நண்பர்களும் 2018இல் ‘நாங்கள் இங்கிருந்து வந்தவர்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு தொடங்கிய முயற்சியின் பெறுமதி இங்கேதான். அவர்கள் அந்தத் தெருவின் ஆட்களை ஆளாகப் பதிந்தார்கள், அவரவர் கதையோடு.

நம் கரையில் அப்படி ஒன்று ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் உடனே மார்க்கத்தைக் காட்டுவார்கள். உருவப்படம் பற்றிய தயக்கம் நம் வீடுகளில் உண்டு, மறுக்கவில்லை. அடையாள அட்டைக்கும் ஹஜ்ஜுக் கடவுச்சீட்டுக்கும் எடுத்த படத்தைத் தவிர வேறு படமே இல்லாமல் மௌத்தான பெரியவர்கள் பலர். ஆனால் இன்று திருமண வீடியோவுக்கு இலட்சக்கணக்கில் கொடுக்கும் சமூகம் அந்தக் காரணத்தைச் சொல்லித் தெருவை எடுக்காமல் விடுவது பொருத்தமில்லை. தெருவுக்கு உருவமில்லையே! இலக்கியக்காரர்களான நாமும் குற்றவாளிகள்தான். கவிதைக்கு ஒரு இதழ், சிறுகதைக்கு ஒரு இதழ் என்று போட்டோம். படம் என்றால் அட்டைக்கு.

சென்ற தவணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், உங்கள் தெருவின் பழைய படம் ஒன்று கொண்டு வாருங்கள் என்றேன். முப்பத்திரண்டு பேரில் இருபதுக்கு மேற்பட்டோர் வெறுங்கையோடு வந்தார்கள். சுனாமியோடு போய்விட்டது என்றார்கள் சிலர். மற்றவர்கள் கொண்டுவந்தது கல்யாண அல்பம். பின்னால் ஸ்டூடியோக்காரரின் சுவிட்சர்லாந்து மலை. ஒரு பிள்ளை மட்டும் தன் உம்மாவின் வாப்பா வைத்திருந்த ஒரு சிறு படத்தைக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். ஒரு தேத்தண்ணிக் கடை வாசல், ஐந்து ஆண்கள், ஒரு சைக்கிள், பாதி தெரியும் ஒரு நாய்.

“சேர், இதுக்குள்ள கிடக்கிற கடையெல்லாம் இப்ப இல்ல” என்றாள்.

பின்புறத்தில் மங்கிய மையில் நாலு வரி. அறபு எழுத்து. வாசி என்றேன். குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய பழக்கத்தில் எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். மூன்றாவது சொல்லில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அது தமிழ் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கடை திறந்த செய்தி, ஐந்து பெயர்கள், கடைசியில் ‘றஜப் 1410’.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 1990 பெப்ரவரி. ஐந்து பெயர்களில் மூன்றை அவளுடைய உம்மா அறிந்திருந்தார். மற்ற இருவரையும் பற்றி ஊரில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.