ஜாகீர் போனது, மலைக்கு என்ன மிஞ்சியது?

சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-இல் வந்தது. இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் 1963-இல் வந்தது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையோ 1976 ஜூன் 25-இல்தான், நெருக்கடி நிலைக் காலத்தில், அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. மலை மக்களுக்கு வாக்குரிமை கிடைக்க இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துவைக்கப்பட்ட இந்த விவரங்கள் 2024-இல்தான் பரவலாகப் பேசப்பட்டன. அந்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதன் பிறகே மலை மக்களின் வாழ்நிலை குறித்து நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

மலையில் இவ்வளவு காலம் நீடித்த, ஜாகீர்தார் எனப்பட்ட பரம்பரைத் தலைவர்களின் ஆட்சியை நாம் இன்னும் சரியாக எடைபோடவில்லை. ஒரு தரப்பு அதை வெறும் கொடுமை என்று ஒதுக்குகிறது. இன்னொரு தரப்பு மலையின் பொற்காலம் என்று ஏங்குகிறது. தனியொருவர் சொல்லே சட்டமாக இருந்த எந்த ஆட்சியையும் எடைபோட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. ஆண்டவர் போன பிறகு, ஆளப்பட்டவர் கையில் என்ன மிஞ்சியது என்பதே அது.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதி சடையக்கவுண்டர், குரும்பக்கவுண்டர், ஆரியக்கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் இருந்தது. சேலம் பக்கத்தில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரண்டு ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் பெற்ற உரிமை என்று இதற்குப் பழமை சொல்வார்கள். அது எப்படியானாலும், பிரிட்டிஷார் கீழே தரைநாட்டில் நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வரி போட்ட காலத்திலும் மேலே அந்தக் கணக்கு ஏறவில்லை. ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என்பதே ஜாகீர் வரி. உழைக்கும் கருவிக்குத்தான் வரி. நிலத்துக்குச் சீட்டு கிடையாது.

இந்த முறையின் நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்வராயனுக்கு அருகிலேயே இருக்கும் சேர்வராயன் மலையைப் பாருங்கள். 1820-களை ஒட்டி சேலம் கலெக்டர் காக்பர்ன் அங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பின்னர் ஏற்காட்டைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின. அங்கிருந்த மலையாளிகள் பலர் தம் மலையிலேயே தோட்டக் கூலிகள் ஆனார்கள். கல்வராயனில் அப்படி நடக்கவில்லை. மண்ணின் குணம், பாதை இல்லாமை என வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ சீட்டு இல்லாத ஊரில் தோட்டக்காரருக்கும் வட்டிக்காரருக்கும் நுழைய வாசல் இல்லை. சாமை, தினை விளைந்த காடும், கடுக்காயும் தேனும் புளியும் எடுத்த காடும் ஊரை விட்டுப் போகவில்லை. ஊர்ச் சண்டையை ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் ஊரிலேயே தீர்த்தார்கள்.

குறையும் அதே இடத்தில்தான் முளைத்தது. வெளியாள் நுழைய முடியாதபடி அடைத்த வாசல் உள்ளே இருந்தவருக்கும் அடைபட்டது. வரியைக் கூட்டினால் எதிர்த்து முறையிட இடமில்லை. ஜாகீர்தார் வீட்டுக்கும் நிலத்துக்கும் கூலியில்லாமல் உழைப்பது வழக்கமாக இருந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பாதை எதற்கும் பொறுப்பேற்க வேண்டிய கட்டாயம் ஜாகீர்தாருக்கு இருந்ததில்லை. நல்லவர் இருந்தால் நல்ல காலம், கெட்டவர் இருந்தால் கெட்ட காலம். ஆளின் குணத்தை நம்பி நிற்கும் ஆட்சியில் அதற்கு மேல் உத்தரவாதம் எதுவும் கிடையாது.

இங்கே பிரான்சின் 14-ஆம் லூயியை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். ஐரோப்பாவில் தனியாட்சிக்கு அவனையே இலக்கணமாகச் சொல்வார்கள். 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் அரியணையில் இருந்தான். அவன் பெயரால்தான் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரிக் கடற்கரையில் லூயி கோட்டை எழுந்தது. அவன் செய்த கேடுகள் சாதாரணமானவை அல்ல. 1685-இல் புராட்டஸ்டண்ட் மதத்தினருக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தான். ஏறக்குறைய 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். 1693-94 பஞ்சத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போதும் போர் நிற்கவில்லை. பிரபுக்கள் பெரும்பாலும் நிலவரியிலிருந்து தப்பினார்கள், குடியானவனே சுமந்தான்.

அதே லூயிதான் 1667-இல், ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் பிறப்பு, திருமணம், சாவு ஆகியவற்றை இரண்டு பிரதிகளாக எழுதி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டான். மாகாணங்கள்தோறும் சம்பளத்துக்கு வேலை செய்யும் அதிகாரிகளை ஊன்றினான். குடிமக்கள் மீதான அன்பால் அல்ல, வரி வாங்கவும் அடக்கி வைக்கவும்தான் இதெல்லாம். ஆனாலும் மன்னராட்சி 1792-இல் வீழ்ந்தபோது அந்த நிர்வாக முறை அதோடு அழிந்துவிடவில்லை. மன்னர்கள் கட்டிய எந்திரத்தையே புரட்சி தன் கையில் எடுத்துக்கொண்டது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் டோக்வில் 1856-இல் எழுதிய நூலில் வாதிட்டார். கொடுங்கோலன் எழுதச் சொன்ன பதிவேட்டில் ஒரு குடியானவனின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் மன்னனுக்குப் பிறகும் செல்லுபடியானது.

கல்வராயனில் ஜாகீர் போனபோது பெயர் எழுதிய ஏடு எதுவும் மக்கள் கையில் இல்லை. ஏர் வரி கட்டிய குடும்பத்துக்கு அது உழுத நிலத்தின் மீது சான்று இல்லை. மூன்று தலைமுறையாகக் கொத்திய காட்டை அரசு காடு என்றே பார்த்தது. வனத்துறை வந்ததும், நேற்று வரை தன் காட்டில் கடுக்காய் பொறுக்கியவர் அத்துமீறியவர் ஆனார். ஜாகீர் மலையைக் காத்தது. மலையில் வாழ்ந்தவரைக் காக்கவில்லை. அதன் மீது நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

பழியை முழுவதும் ஜாகீர்தார் தலையில் இறக்கிவிட்டு அரசு ஒதுங்கிவிடவும் முடியாது. ஜாகீர் ஒழிந்த பின் அரசு செய்திருக்க வேண்டிய முதல் வேலை, யார் எந்த நிலத்தில் உழுகிறார் என்று உட்கார்ந்து எழுதுவது. அது அரைகுறையாக நின்றது. வரி கொடுத்தும் பேச்சுரிமை இல்லாதவர்களாக இருந்த மக்கள், அரசு வந்த பின்பும் 20 ஆண்டுகள் வாக்கில்லாதவர்களாகவே இருந்தார்கள். வாக்கில்லாத ஊருக்குச் சாலை கேட்டு யார் வருவார்? படிப்பும் பட்டாவும் பாதையும் இல்லாத இளைஞர்களைச் சாராய ஊறலும் ஆந்திரக் காட்டுச் செம்மரமும் இழுத்துக்கொண்டன. அவர்களைப் பிடிக்கப் போலீஸ் மலையேறிய அளவுக்கு வருவாய்த் துறை ஏறவில்லை. ஜாகீர்தார் முன்பு கைகட்டி நின்றவர் இப்போது சாதிச் சான்றிதழுக்கு அலுவலகத்தின் முன்பு கைகட்டி நிற்கிறார்.

“அந்தக் காலத்தில் காட்டுக்குள் போக யார் அனுமதியும் வேண்டியதில்லை” என்று பெரியவர்கள் சொல்லும்போது அதைப் பழமை மோகம் என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் ஜாகீர்தாரைத் திரும்பக் கேட்கவில்லை. காட்டின் மீதிருந்த உரிமையைக் கேட்கிறார்கள். அந்த உரிமையைச் சட்டமாகவே தருகிறது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து நிலத்தில் இருக்கும் பழங்குடியினர் கோரலாம். சான்றாக அரசு ஆவணம் மட்டுமே வேண்டும் என்பதில்லை. ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அதுவும் சான்று. சமன்படுத்திய நிலம், போட்ட வரப்பு, பழைய கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், சாமி கும்பிடும் இடம், குடும்பத்தின் தலைமுறை வரிசை எல்லாமே ஏற்கத்தக்க சான்றுகள். ஏடில்லாத ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்களுக்கென்றே எழுதியது போன்ற விதிகள் இவை. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை உரிமைப் பட்டங்கள் தேங்கிக் கிடந்தன. இன்று அந்தத் தடையும் இல்லை.

உரிமைக் கோரிக்கையை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. ஏருக்கும் கொத்துக்கும் வரி கட்டிய காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் மலையில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கிராம சபையைக் கூட்டி, அவர்கள் சொல்வதை எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். தனிநபர் பட்டாவோடு, கடுக்காயும் தேனும் எடுக்கும் காட்டுக்குச் சமூக உரிமையும் சேர்த்துத் தர வேண்டும். தனியாட்சி ஒழிந்த நாளை அரசு ஆணையின் தேதியைக் கொண்டு குறிப்பது போதாது. ஆள்பவர் தயவு இல்லாமலேயே ஒரு குடும்பம் தன் நிலத்தில் நிற்க முடிகிற நாள்தான் அது, கல்வராயனில் அந்த நாளைக் கொண்டுவரும் பொறுப்பு இன்றைய அரசுடையது.