வானத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ

ராக்கெட் விஷயங்களை நாவல் மாதிரி படிக்க ஆசையிருந்தால், ஆஷ்லி வான்ஸ் எழுதிய 'வென் தி ஹெவன்ஸ் வென்ட் ஆன் சேல்' (2023) கிடைத்தால் விடாதீர்கள். தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாட்டிலைட் செய்யும் பிளானட் லாப்ஸ், ராக்கெட் செய்யும் ராக்கெட் லாப், ஆஸ்ட்ரா, ஃபயர்ஃப்ளை என்று நாலு கம்பெனிகளின் கதை.

சாட்டிலைட்டுகள் ஷூ டப்பா சைஸுக்குச் சுருங்கிவிட்டன. 2017 பிப்ரவரியில் நம் பி.எஸ்.எல்.வி. ஒரே தடவையில் 104 சாட்டிலைட்டுகளைக் கொண்டுபோய் விட்டதே, அதில் 88 பிளானட்டுடையவை. இத்தனை பயணிகள் இருந்தால் குட்டி ராக்கெட்டுக்குக் கிராக்கி வராதா? இதுதான் மற்ற கம்பெனிகளின் கனவு.

வான்ஸுக்கு ஆட்களை வரைய நன்றாக வருகிறது. காலேஜ் பக்கமே போகாத நியூசிலாந்துக்காரர் பீட்டர் பெக், 2018 ஜனவரியில் எலெக்ட்ரானைச் சுற்றுப்பாதையில் சேர்த்த கதையைக் கீழே வைக்க முடியவில்லை.

என் குறை ஒன்றுதான். ஹீரோக்கள் மேல் இருக்கும் காதல், கணக்கின் மேல் இல்லை. ராக்கெட் சின்னதானாலும் வழிகாட்டும் கம்ப்யூட்டர், ஏவுதளம், பாதுகாப்பு ஏற்பாடு எதையும் விடமுடியாது. அதனால் கிலோவுக்கு ஆகும் செலவு எகிறும். பெரிய ராக்கெட் பஸ். மலிவு, ஆனால் அது நிற்கிற ஸ்டாப்பில்தான் இறங்கவேண்டும். எலெக்ட்ரான் ஆட்டோ, வாசலில் விடும், காசு கூட. 2021 ஜனவரியில் ஸ்பேஸ் எக்ஸ் 'பஸ்' ஒரே நடையில் 143 சாட்டிலைட்டுகளை ஏற்றிச் சென்றது. ஆட்டோ ஸ்டாண்டில் அப்புறம் எத்தனை பேருக்குப் பிழைப்பு?

2021 ஜூலையில் பங்குச் சந்தைக்கு வந்த ஆஸ்ட்ராவின் மதிப்பு 210 கோடி டாலர். அடுத்த மாதமே அதன் ராக்கெட் ஒன்று மேலே போகாமல், கொஞ்ச தூரம் பக்கவாட்டில் 'நடந்தது'. அந்த நவம்பரில் சுற்றுப்பாதையை எட்டியும் கம்பெனி தேறவில்லை. 2024 ஜூலையில் நிறுவனர்களே பங்கு 50 சென்ட்டுக்கு வாங்கிக்கொண்டார்கள். நடுவே 15 பங்கை ஒன்றாக்கியிருந்ததால், ஆரம்பத்தில் 10 டாலர் போட்டவருக்குக் கிடைத்தது சுமார் 3 சென்ட். புத்தகம் அச்சானபோது இந்த முடிவு வரவில்லை, வாஸ்தவம். ஆனாலும் கனவு காண்பவர்களோடு இத்தனை நாள் சுற்றியவர், கனவுக்குப் பணம் கட்டியவர்கள் பக்கமும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

பெரிய ராக்கெட் செய்யவே மாட்டேன் என்றிருந்த பெக், 2021 மார்ச்சில் 'நியூட்ரான்' என்ற பெரிய ராக்கெட்டை அறிவித்தார். சொன்ன வார்த்தைக்கு அபராதமாகத் தன் தொப்பியை மிக்சியில் அடித்துக் காமிரா முன்னால் வாயில் போட்டுக்கொண்டார். குட்டி ராக்கெட்டின் பொருளாதாரத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.