யார்க் சாளரத்தின் ஆங்கில ஈரடிகள்

இங்கிலாந்தின் யார்க் நகரில், வடக்குத் தெருவிலுள்ள அனைத்துப் புனிதர் ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று உலகின் இறுதிப் பதினைந்து நாள்களைக் காட்டுகிறது. ஏறத்தாழ 1410–20 காலத்தது. 'மனச்சான்றின் முள்' எனப் பொருள்படும் தலைப்புடைய 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்யுளே இதற்கு மூலம். அதனைத் தழுவிய ஆங்கில ஈரடி ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதப்பட்டுள்ளது. ஆலயக் கண்ணாடிகளில் இலத்தீனே பெருவழக்காயிருந்த காலத்தில் இஃது அரிய நிகழ்ச்சி.

இவ்வீரடிகளை மட்டும் பிரித்தெடுத்து மொழிபெயர்ப்பது சாளரத்தைப் பாதி படிப்பதேயாகும். வரிசைக்கு மூன்றாக ஐந்து வரிசைகளில் அமைந்த படங்களைக் கீழே இடப்புறம் தொடங்கி மேல்நோக்கிப் படித்தல் வேண்டும். கடல் பொங்குகிறது, வற்றுகிறது, பற்றி எரிகிறது, கட்டடங்கள் சரிகின்றன, மாந்தர் நிலக்குழிகளில் ஒளிகின்றனர், விண்மீன்கள் உதிர்கின்றன, முடிவில் உலகமே தீக்கிரையாகிறது. அழிவு முற்றுந்தோறும் படிப்போர் பார்வை உயர்கிறது. உச்சியில் ஒருபுறம் பேதுரு நல்லோரை ஏற்க, மறுபுறம் பேய்கள் தீயோரை இழுத்துச் செல்கின்றன. எரியும் உலகிலிருந்து தீர்ப்புக்குக் கண் ஏறிச்செல்லும் இவ்வமைப்பே சாளரத்தின் வாதம். தாளில் மேலிருந்து கீழாக அச்சிட்டால் ஏற்றம் இறக்கமாகிவிடுகிறது. சொற்பிழை ஒன்றும் இராது, பொருள் மட்டும் கவிழ்ந்துவிடும்.

மற்றொன்று: ஈரடி நிகழ்ச்சியை அறிவித்து அமைகிறது, அச்சத்தை முகங்களே உரைக்கின்றன. அவ்வச்சத்தையும் விளக்கச் சொற்களாக்கி ஈரடியுள் திணிக்கும் மொழிபெயர்ப்பு, கண்ணாடி தனக்கென வைத்துக்கொண்ட பங்கைப் பறித்துக்கொள்கிறது.