சொன்னதும் மறக்கும் மந்திரம்

மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொல்கிறான். சொன்ன கணமே அது அவன் நினைவிலிருந்து அழிந்துவிடுகிறது. 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் வெளிக்கொணர்ந்த ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் வேரூன்றிய விதி இது. முதல் படியில் நிற்பவனுக்கு ஒரே மந்திரம். அது செலவானபின், ஏட்டை மறுபடி பிரித்துப் படிக்கும்வரை, அவன் குத்துவாள் வைத்திருக்கும் வெறும் ஆள். படித்த பாடத்தை ஒருமுறை ஒப்பித்ததும் ஒருவன் மறப்பானா என்று கேலி செய்கிறார்கள்.

கேள்வி நியாயமானது, கேட்கப்படும் இடம்தான் தவறு. இவ்விதி ஜாக் வான்ஸின் ‘தி டையிங் எர்த்’ (1950) கதைகளிலிருந்து வந்தது. அங்கே சூரியனே அணையும் தறுவாயில் இருக்கிறது. பழைய ஞானத்தில் மிச்சம் சொற்பம். மந்திரம் மூளைக்குள் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. உச்சரிப்பது அதை இழப்பது. மறதி அந்த உலகின் சுபாவம். விளையாட்டு விதியை எடுத்துக்கொண்டு உலகை விட்டுவிட்டது. அனுபவம் கணக்காயிற்று.

பிறகு வந்ததெல்லாம் கணக்கைச் சீர்செய்யும் காரியம்தான். 2008ல் வந்த நான்காம் பதிப்பு வாள்வீரனையும் மந்திரவாதியையும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. எல்லாப் பாத்திரங்களும் ஆசிரியர் குரலில் பேசும் நாவலைப் படித்த அலுப்பு எனக்கு. 2014ன் ஐந்தாம் பதிப்பில் மந்திரம் மறப்பதேயில்லை. சக்தி மட்டும் குறைகிறது, சில்லறை மந்திரங்களுக்கு வரம்பும் கிடையாது. ஆட வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லுக்கு விலை இல்லாது போயிற்று.

உண்மையான மாற்றுச் சிந்தனை 1987ல் ‘ஆர்ஸ் மாஜிகா’வில் இருந்தது. ஜொனாதன் ட்வீட், மார்க் ரைன்-ஹேகன் இருவரும் செய்தது. ஆக்கு, அறி, மாற்று, அழி, ஆள் என்று லத்தீனில் ஐந்து வினைகள். நெருப்பு, நீர், உடல், மனம் என்று பத்துப் பெயர்கள். சேர்த்தால் மந்திரம். பட்டியலிலிருந்து பொறுக்கியவன் வாக்கியம் அமைப்பவனாகிறான். இதே ட்வீட் முன்னின்று வடிவமைத்த 2000ன் மூன்றாம் பதிப்பில் இந்த இலக்கணம் இல்லை என்பது எனக்கு இன்னும் ஒரு வருத்தம்.

விமர்சனத்தோடு நில்லாமல், நண்பர்களின் மேஜைக்காக நானே ஒரு விதி எழுதினேன். மந்திரம் மறக்காது. மந்திரவாதியின் நினைவுகள் பத்தை ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒன்றை அடிக்க வேண்டும். முதல் இரவே நண்பர் நேற்றுச் சாப்பிட்ட கஞ்சியை அடித்தார். மலிவான தந்திரம், ஆனால் ஓட்டை என் விதியில்தான். எதை அடிப்பது என்பதை மேஜையிலுள்ள மற்றவர்கள் தீர்மானிக்கட்டும் என்று திருத்தினேன். மூன்றாம் இரவு, எல்லோரும் பிழைக்க வேண்டிய கட்டத்தில், அவருடைய மந்திரவாதி தன் தாயின் பெயரை இழந்தான். நண்பர் பகடையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாதிருந்தார்.

அடுத்த வாரம் வாள்வீரனாக ஆட வந்தார். தாள் என்னிடமே இருக்கிறது. பத்து அதிகம், ஐந்து போதும் என்று இப்போது படுகிறது.