சேதாரம் யார் கணக்கில்?

பஃபலோ ரோட்டிலோ சிராங்கூன் சாலையிலோ நகை வாங்கப் போகிறவர்கள் தங்கத்தின் விலைக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்டுவதில்லை. அன்றைய 916 விலை பலகையில் இருக்கும், அடுத்த கடையிலும் கிட்டத்தட்ட அதேதான். பேரமெல்லாம் செய்கூலியில்தான். ஊரில் வாங்கிப் பழகிய பெரியவர்கள் சேதாரம் எவ்வளவு என்றும் கேட்டுவிடுவார்கள். அக்கா மகன் "மாமா, எந்தத் தொழில் எடுத்தா கோல்டு நிறைய வரும்?" என்று கேட்டபோது எனக்கு அந்தக் கடைகள்தான் நினைவுக்கு வந்தன. தேசிய சேவை முடித்த கையோடு சிம் லிம் ஸ்குவேரில் கணினி வாங்கி, 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட ஆரம்பித்திருந்தான். அவன் கேட்டது விளையாட்டுத் தங்கத்தை.

2004 முதல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஆட்டத்தில் ஒரு பாத்திரம் இரண்டு முதன்மைத் தொழில்களை மட்டுமே கற்க முடியும். சுரங்கம் தோண்டுதல், மூலிகை பறித்தல், தோலுரித்தல் மூன்றும் சேகரிப்புத் தொழில்கள். கொல்லுவேலை, தையல், தோல்வேலை, ரசவாதம், நகைவேலை, மந்திரமேற்றுதல், எழுத்துவேலை, பொறியியல் ஆகியவை செய்தொழில்கள். 100 செம்புக்கு 1 வெள்ளி, 100 வெள்ளிக்கு 1 பொன். விளைந்ததை ஏலக்கடையில் விற்றால் ஆட்டம் 5 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். இதில் எதைப் பிடித்தால் பணம் என்ற கேள்விக்கு, இருபது ஆண்டுகளாகப் பழைய ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: சுரங்கமும் மூலிகையும் எடு, கிடைத்ததை அப்படியே விற்றுவிடு, செய்தொழில் பக்கம் போகாதே.

அந்த அறிவுரையை லேசாகத் தள்ளிவிட முடியாது. முதல் போடாமல் தொடங்கலாம் என்பது அதன் பெரிய பலம். கையில் ஒரு பொன்கூட இல்லாதவன் குதிரையேறிப் போய்ப் பாறையைத் தட்டினால் தாது கிடைக்கும், அதை விற்றால் காசு. நட்டப்படவே வழியில்லை. செய்தொழில் அப்படியில்லை. திறன் புள்ளி ஏறுவதற்காக ஆயிரக்கணக்கானோர் ஒரே மோதிரத்தை, ஒரே மேலாடையைச் செய்து தள்ளுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது புள்ளிதான், பொருளைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் மோதிரத்தின் விலை அதற்குள் போன தாதின் விலையைவிடக் கீழே போய்விடுகிறது. செய்கூலி சுழிக்கும் கீழே இறங்குகிற சந்தையை நம் பத்தர்கள் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் புதியவனை இறக்கிவிடாமல் தடுப்பது நல்ல அறிவுரைதான்.

ஆனால் அதே அறிவுரை ஒரு தவறான கணக்கையும் சேர்த்தே கற்றுத்தருகிறது. "நானே தோண்டியது, அதனால் இலவசம்" என்பது அந்தக் கணக்கு. மருமகன் ஒரு வாளைச் செய்து 900 பொன்னுக்கு விற்றுவிட்டு, அத்தனையும் லாபம் என்றான். அதற்குப் போன தாதை அப்படியே ஏலக்கடையில் போட்டிருந்தால் 1,100 வந்திருக்கும். 200 பொன் இழந்ததை அவன் பார்க்கவே இல்லை, தாதுக்குக் காசு கொடுக்கவில்லையே! தோண்டிய இரண்டு மணி நேரம் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. நேரம்தான் இந்த ஆட்டத்தின் சேதாரம். நகைக்கடை ரசீதில் தனி வரியாக வருகிற ஒன்று இங்கே மறைந்துகிடக்கிறது.

அந்த நேரத்துக்கு ஒரு விலையை ஆட்டமே ஒருநாள் ஒட்டிவிட்டது. 2015 ஏப்ரலில் அமெரிக்க வட்டாரத்தில் டோக்கன் வந்தது. ஒருவர் 20 அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்கி ஏலக்கடையில் வைப்பார், இன்னொருவர் பொன் கொடுத்து எடுத்து 30 நாள் ஆட்டக் கட்டணமாக மாற்றிக்கொள்வார். தொடக்க விலை 30,000 பொன், பிறகு அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. 2017 முதல் அதை 15 டாலர் கணக்கிருப்பாகவும் மாற்றலாம். போட்டது 20, எடுப்பது 15. சரி, ஒரு டோக்கன் 2,00,000 பொன், மருமகன் மணிக்கு 20,000 சேகரிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேர உழைப்புக்கு 15 டாலர். மணிக்கு ஏறத்தாழ இரண்டு சிங்கப்பூர் வெள்ளி. வெளிநாட்டு ஊழியர் வைத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளூர்ப் பகுதிநேர ஊழியருக்குத் தர வேண்டிய குறைந்த கூலியே 2024 ஜூலையில் மணிக்கு 10.50 வெள்ளி ஆகிவிட்டது. ஆட்டத்தைச் சம்பாத்தியமாக நினைப்பவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். விளையாட்டாகவே நினைப்பவருக்கு இது தேவையில்லை. மூலிகை பறித்துக்கொண்டே ஏரிக்கரையில் பறப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதற்கு நான் விலை கேட்கமாட்டேன். சிக்கல், பொன்னுக்காக என்று சொல்லிக்கொண்டு பிடிக்காத பாறையை நள்ளிரவுவரை தட்டுகிறவனுக்குத்தான்.

இரண்டாவது குறை, எல்லோரும் கேட்கிற அறிவுரை தன்னையே தின்றுவிடும் என்பது. எல்லோரும் சுரங்கம் எடுத்தால் தாது குவியும், விலை விழும். அதற்கு மேல், தடையை மீறி இரவு பகலாகத் தோண்டும் தானியங்கி நிரல்களும் அதே பாறைகளைத்தான் தட்டுகின்றன. எந்தத் திறமையும் கேட்காத வேலைக்கு முதலில் வருவது இயந்திரம்தான்.

சிங்கப்பூரில் ஆடுகிறவர்களுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. இங்குள்ளவர்கள் அமெரிக்க வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். பலர் ஃபிராஸ்ட்மோர்ன் போன்ற ஓசியானிய சர்வர்களில் ஆஸ்திரேலியர்களோடு ஆடுகிறார்கள். முன்பு சந்தையும் சர்வருக்குள்ளேயே இருந்தது. சிட்னி நம்மைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ஓடுவதால், இங்கே வேலைவிட்டு எம்ஆர்டியில் வீடு வந்து சேர்வதற்குள் அவர்களுடைய பெரிய சண்டைகள் பாதி முடிந்திருக்கும், மருந்து வாங்குகிற கூட்டமும் போயிருக்கும். 2022 ஆகஸ்டில் தாது, மூலிகை, மருந்து போன்ற சரக்குகளுக்கு வட்டாரம் முழுக்க ஒரே சந்தை ஆக்கினார்கள். ஆட்டத்தின் வாரம் நம் செவ்வாய் இரவு 11 மணிக்குப் புதிதாகத் தொடங்குகிறது, அந்த மாற்றத்துக்குப் பிறகு புதன் காலை நாம் வேலைக்குக் கிளம்பும்போது அமெரிக்காவின் மாலைக் கூட்டமும் நம் கடைக்கு வருகிறது. தூங்கப் போகுமுன் சரக்கை அடுக்கிவைத்தவனுக்கு அது நல்ல நேரம். எந்தத் தொழில் என்பதைவிட எப்போது விற்கிறாய் என்பது அதிகம் தருகிறது. ஆனால் 'சிறந்த தொழில்' பட்டியல்கள் தொழிலைத்தான் வரிசைப்படுத்துகின்றன, கடிகாரத்தைச் சொல்வதில்லை.

2010 டிசம்பரில் வந்த 'கேட்டக்ளிஸம்' காலத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் செய்த ஒரு வேலையை எண்ணி எனக்கு இன்றும் வியப்பு. ஒப்சிடியம் என்ற மலிவான தாதைக் காசு கொடுத்து வாங்குவார்கள். நகைவேலைக்காரனிடம் கொடுத்து ஐந்தைந்தாகச் சலித்தால் கற்கள் வரும். நல்ல கல்லை விற்பார்கள். யாரும் சீண்டாத கல்லை மோதிரமாக்கி, மந்திரமேற்றும் தொழில்காரனிடம் கொடுத்துச் சிதைத்துத் தூளாக்கி, அந்தத் தூளை விற்பார்கள். அவர்கள் ஒரு பாறையைக்கூடத் தட்டவில்லை. தாதின் விலைக்கும் தூளின் விலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதைப் பார்க்கக் கற்றவனுக்கு அடுத்த ஆண்டு சந்தை மாறினாலும் பிழைப்பு போகாது.

'டிராகன்ஃபிளைட்' 2022 நவம்பரில் வந்தபோது ஆட்டத்தை உருவாக்கியவர்களே திறமைக்குக் கூலி என்ற திசையில் திரும்பினார்கள். உயர்ந்த ஆயுதத்துக்கும் அணிகலனுக்கும் வேண்டிய முக்கியப் பொருள் ஒன்று, அதை அணியப்போகிறவரிடம் மட்டுமே இருக்கும், விற்க முடியாது. அவர் அதைக் கொண்டுவந்து கொடுத்து, இன்ன தரத்தில் வேண்டும் என்று சொல்லி, கூலி பேசிச் செய்யச் சொல்ல வேண்டும். பாட்டியின் பழைய சங்கிலியைப் பத்தரிடம் கொடுத்து உருக்கிப் புது வளையல் செய்யச் சொல்கிற அதே முறை. முதல்முறையாக ஆட்டத்துக்குள் செய்கூலி தனி வரியாக வந்தது. கூடவே ஒரு தொழிலுக்குள் எந்தப் பிரிவில் தேர்ச்சி என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கான அறிவுப் புள்ளிகள் வாரவாரம் சிறிது சிறிதாகத்தான் சேரும். இது எனக்குப் பிடித்த மாற்றம். ஆனாலும் கறையில்லாததல்ல. முதல் வாரங்களில் முந்தியவர் தரமான வேலை முழுவதையும் வாரிக்கொள்கிறார். பிந்தி வந்தவர் தேர்ச்சி அடைவதற்குள் கூலி விழுந்துவிடுகிறது. இலவசமாகச் செய்துதருகிறேன் என்று கூவுகிறவர்களும் வந்துவிடுகிறார்கள்.

ஞாயிறு மாலை தேக்காவில் நிற்கும்போது தோன்றும் வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அங்கே கூடும் கட்டுமானத் தொழிலாளர்களும் எந்தத் தொழில் எடுத்தால் சம்பளம் என்று கணக்குப் போட்டவர்கள்தான். குழாய்வேலையா, வெல்டிங்கா என்று ஊரிலேயே முடிவெடுத்து, பணம் கட்டிப் பயிற்சி பெற்று, திறன் தேர்வு எழுதி வந்தவர்கள். தேர்ந்தது தவறு என்று தெரிந்தாலும் கடன் அடையும்வரை விட முடியாது. மருமகன் சுரங்கத்தை விட்டு நகைவேலைக்கு மாற ஒரு பொத்தானை அழுத்தினான். அந்த வசதி இருப்பதால்தான் ஆட்டத்தில் தவறான கணக்கைப் போட்டுப் பார்த்துக் கற்க முடிகிறது. அதனால்தான் 'இதை எடு' என்று முடித்துவிடுகிற அறிவுரை எனக்கு உறுத்துகிறது. போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கையே அது பிடுங்கிக்கொள்கிறது.

நகைவேலைக்கு மாறியபின் அவனுக்குத் தொடர்ந்து மோதிரம் செய்யக் கொடுப்பவர்கள் நான்கைந்து பேர், பெர்த்திலும் மணிலாவிலும் இருக்கிறார்களாம். போன மாதம் அவன் நோட்டில் பார்த்தேன். வரவு, செலவு என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக மணி என்று ஒன்றைப் போட்டிருக்கிறான்.