ஃப்ரீ, ஆஃப், சும்மா

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வேலையிடத்தில் கான்கிரீட் ஊற்றி முடிந்து எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, நாளைக்கு ஃப்ரீயா? தேக்கா பக்கம் வர்றேன், சேர்ந்து சாப்பிடலாம்."

அவர் மன்னார்குடிப் பக்கம். 11 வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஃப்ரீன்னு இல்ல சார். ஆஃப்."

அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. வார விடுப்புக்கு இங்கே எல்லோரும் சொல்கிற சொல்லைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ஈசூனுக்குத் திரும்பும் ரயிலில் அந்தத் திருத்தம் என்னை விடவில்லை. ஆஃப் என்பது சுவிட்சுக்குச் சொல்கிற சொல். அணைத்து வைத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை யாரோ மறுபடி போடுவார்கள். அதை ஃப்ரீ என்று சொல்ல அவர் ஒப்பவில்லை. நான் ஏன் அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்?

ஃப்ரீ இன்று தமிழ்ச்சொல்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. "ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" என்றால் விலை. "சாயங்காலம் ஃப்ரீயா?" என்றால் நேரம். "ஃப்ரீயா விடு மச்சான்" என்றால் மனசு; அதுவும் பெரும்பாலும் தோற்றுப்போன விஷயத்தைக் கைவிடச் சொல்கிற ஆறுதல். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் நடுவில் நிற்கிற பொருள், இன்னொருவர் கைக்குள் அடங்காதிருத்தல். தமிழுக்குள் வரும்போது அது மட்டும் வழியிலேயே இறங்கிவிட்டது. "நான் ஃப்ரீ" என்று ஒருவர் சொன்னால் அவர் யாருக்கும் அடிமையில்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அவருக்கு இப்போது வேலை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பொருளுக்கு நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. சுதந்திரம் இருக்கிறது, விடுதலை இருக்கிறது. ஆனால் அவை பட்டுப்புடவைகள். ஆகஸ்ட் 9க்கு இங்கே, ஆகஸ்ட் 15க்கு அங்கே எடுத்து உடுத்திவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். நாட்டுக்குச் சுதந்திரம், கைதிக்கு விடுதலை, மற்ற நாளெல்லாம் மனிதனுக்கு ஃப்ரீ. "உனக்குச் சுதந்திரம் இருக்கா?" என்று சனிக்கிழமை மாலை சக ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு என்பதை என் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். அவர் ஃப்ரீ என்றது பயனரின் உரிமையை: நிரலைப் படிக்க, மாற்ற, பகிர. கேட்டவர்களுக்கோ காசில்லை என்று விழுந்தது. பேச்சுரிமையில் வருகிற ஃப்ரீ, ஓசி பீரில் வருகிற ஃப்ரீ இல்லை என்று அவர் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தமிழ் ஆர்வலர்கள் இதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடிக்கும். 'இலவச' என்பதைத் தள்ளிவிட்டுக் 'கட்டற்ற மென்பொருள்' என்றார்கள். தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றே சொல்லிக்கொள்கிறது. மூலம் குழப்பியதை மொழிபெயர்ப்பு தெளிவாக்கிவிட்டது. குறை ஒன்றுதான்: கணினியைத் தாண்டி அந்தச் சொல் தெருவுக்கு வரவே இல்லை.

தெருவில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. சும்மா. "சும்மா குடுத்தான்" என்றால் விலை இல்லை. "சும்மாதான் இருக்கேன்" என்றால் வேலை இல்லை. அருணகிரிநாதரிடமும் தாயுமானவரிடமும் போனால், சும்மா இருத்தல்தான் பெரிய பேறு. ஃப்ரீயின் மூன்று மாடிகளும் இந்த ஒரு சொல்லுக்குள் முன்பே கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த மூன்றாவது மாடி வேறு. அவர்கள் சொல்லும் சும்மா, தன்னிடமிருந்தே ஒருவர் பெறும் விடுதலை. இன்னொருவர் போட்ட கட்டைப் பற்றி அதற்குப் பெரிய அக்கறை இல்லை. கட்டுக்குள் இருப்பவரிடம் போய் "சும்மா இரு" என்றால் அது உபதேசம் ஆகாது, அதட்டல்தான்.

2020 ஏப்ரலில் தொற்றுப் பரவலால் ஊழியர் தங்குவிடுதிகள் மூடப்பட்டன. அதன்பின் நீண்ட காலம் வேலைக்குப் போக மட்டும் வெளியே வந்தார்கள். 2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்டவர்களில் சிறு எண்ணிக்கையினரைச் சில மணி நேரம் லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பிப் பார்த்தது ஒரு முன்னோட்டத் திட்டம். 2022 ஜூனில் பொதுவான அனுமதிச்சீட்டு நீங்கியது. ஆனாலும் ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்றிருந்தது. மருத்துவக் காரணங்களை நான் இங்கே விசாரிக்கவில்லை. சொல்லைத்தான் விசாரிக்கிறேன். அந்த நாட்களைப் பற்றி அண்ணன் ஒருமுறை சொன்னார்: "எங்க போறோம், எப்ப வர்றோம், எல்லாத்துக்கும் பதில் வேணும் சார். சும்மா போய்ட்டு வர்றேன்னு சொல்ல முடியாதுல்ல." இப்போது நினைத்தால், ஃப்ரீ என்பதற்கு நான் கேட்டதிலேயே துல்லியமான வரையறை அதுதான். காரணம் சொல்லாமல் போய்வர முடிவது.

ஆங்கிலத்தில் ஃப்ரீயும் ஃப்ரெண்டும் ஒரே வேர். வடமொழியின் பிரியவும் அந்தக் குடும்பம்தான். நம் பிரியம் அங்கிருந்து வந்தது. பழைய ஜெர்மானிய வீடுகளில் அடிமைகளும் இருந்தார்கள், வீட்டின் சொந்தப் பிரியமானவர்களும் இருந்தார்கள். அந்தப் பிரியமானவர்களைக் குறித்த சொல்தான் பிறகு கட்டற்றவர்களைக் குறிக்க வந்தது என்கிறார்கள் சொற்பிறப்பியலாளர்கள். யாரும் இல்லாமல் தனியாக இருப்பதல்ல, ஒரு வீட்டின் ஆளாக இருப்பதுதான் ஃப்ரீ. வேலை அனுமதியில் வருகிறவர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாத ஊரில் இதைப் படிப்பது லேசாக இல்லை.

மறுநாள் தேக்காவில் சாப்பிட்டோம். காசு கொடுக்க அவர் என்னை விடவில்லை. அடுத்து எங்கே என்றேன். "சும்மா நடப்போம் சார்," என்றார். கேம்பல் லேன் வழியாகக் கூட்டத்துக்குள் நடந்தோம். "அண்ணே, இந்தச் சாரை விட்டுடுங்களேன், தம்பின்னு கூப்பிடுங்க," என்றேன். சிரித்தார்.

"சரி சார்," என்றார்.