உறுதி இல்லாத அரங்கு

இலங்கையின் நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடங்களில் இருந்துதான் தொடங்குகிறார்கள். 1911இல் மருதானையில் எழுந்த டவர் மண்டபத்துக்கு அதில் நிலையான இடம் உண்டு. 1978இல் அதன் பெயரால் ஒரு மன்றமே சட்டம் மூலம் அமைந்தது. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் திரையும் இல்லாமல், டிக்கட்டும் இல்லாமல் ஆடப்படும் காமன் கூத்துக்கோ 'சடங்கு' என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கிறது. அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை.

கூத்து நடக்கும் இடம் காமன் பொட்டல். லயங்களுக்குப் பக்கத்தில் தேயிலை நடாமல் விட்ட ஒரு துண்டு நிலம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் அங்கே கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில், சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவதோடு கதை உச்சத்துக்கு வரும். இடையில் ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். ரதிக்கு வேஷம் கட்டுகிறவர் ஆண். தூதன், வீரபுத்திரன், எமன், குறவன், குறத்தி என்று பாத்திரங்கள் இறங்குவார்கள். தப்பின் அடி மாறினால் ஆட்டமும் மாறும். பாட்டையும் ஆட்டத்தையும் கூத்து மாஸ்டர் வாய்வழியாகவே பழக்குகிறார். செலவுக்குத் தோட்டத்து ஆட்களே சல்லி போடுகிறார்கள். லாபம் பார்க்கிறவர் யாருமில்லை. நாடகத்துக்கு இதற்கு மேல் என்ன வேணும்?

இப்போது இக்கூத்தை விழா மேடைகளிலும் பார்க்கிறோம். நல்ல முயற்சிதான். ஆனால் விடிய விடிய ஆடியது அரை மணிக்குள் அடங்கும்போது குறைவது நேரம் மட்டுமல்ல. பொட்டலில் சனம் நாலு பக்கமும் நிற்கும். மேடைக்கு ஒரே பக்கம். பொட்டலில் ரதி புலம்பும்போது கேட்கிறவளுக்குத் தன் வீட்டுச் சாவு நினைவுக்கு வரும். மண்டபத்தில் அது கைதட்டலுக்கு முந்திய ஒரு நிகழ்ச்சி. களத்தை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் காப்பாற்ற முடியாது. அதற்காகப் பொட்டலைப் புனிதமாக்கவும் வேண்டாம். தப்படிக்கிறவரைச் சாதி சொல்லி ஒதுக்கும் வழக்கமும், பெண்ணுக்கு வேஷம் கொடுக்காத வழக்கமும் அங்கே இருந்தவைதான்.

அந்தப் பொட்டல் யாருக்குச் சொந்தம்? 1972க்கும் 1975க்கும் இடையில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. காணி எத்தனை கை மாறினாலும், ஆடுகிறவர்களின் கைக்கு உறுதி வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. ஆபத்தான சரிவுகளிலிருந்து சனத்தை இடம் மாற்றத்தான் வேண்டும், உயிர்தான் முதல். ஆனால் புதிய வீட்டுக்குக் காணி அளக்கிறவர்கள் பொட்டலுக்கும் சேர்த்து அளக்காவிட்டால், சனம் பிழைத்தாலும் கூத்து பிழைக்காது.

'இது நமக்கு என்னத்துக்கு?' என்று வாசகர் கேட்கலாம். பதுளை, பண்டாரவளை, வெலிமடைக் கடைவீதிகளில் நம்மவர்கள் தோட்டத்து ஆட்களோடு கொடுக்கல் வாங்கல் செய்து வாழ்ந்தவர்கள். கம்பம் ஊன்றுவதும் பூசையும் அவர்களின் வழிபாடு. நம் ஈமானுக்கு அதில் பங்கில்லை. ஆனால் அயலவரின் கலையை அறிவது அவர்களின் வழிபாட்டில் சேர்வதாகாது. இதில் நமக்கு ஒரு படிப்பினையும் இருக்கிறது. வண்ணக் களஞ்சியப் புலவரின் பெயரில் வழங்கும் அலிபாதுஷா நாடகத்தை இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பட்டியலில் பெருமையோடு சேர்க்கிறோம். நம்மில் எத்தனை பேர் அதை ஆடிப் பார்த்திருக்கிறோம்? நமக்கு நூல் மிஞ்சியது, களம் மிஞ்சவில்லை. தோட்டத்தில் களம் இன்னும் இருக்கிறது. பாட்டோ மாஸ்டர்மாரின் வாயில் இருக்கிறது.

பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களுக்கும் நம் எழுத்தாளர்களுக்கும் ஒன்றைச் சொல்லலாம். 'சடங்கா, நாடகமா?' என்ற விவாதம் கொஞ்சம் பொறுக்கும். பாட்டுகளை மாஸ்டர்மார் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டத்தில் எந்த இடம் பொட்டல் என்று வரைபடத்தில் குறித்து வையுங்கள். உறுதி கேட்டுப் போகும் நாளில் காட்டுவதற்கு அந்த ஒரு தாளாவது இருக்கட்டும்.